போக்கிமானுக்கு எந்த எபிலிட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் போக்கிமான் விளையாடும் தமிழ்ப் பிள்ளைகளில் பல வகை உண்டு. போனில் பழைய எமரால்டைப் போட்டு விளையாடுபவர்கள், ஸ்விட்சில் ஸ்கார்லெட், வயலட் விளையாடுபவர்கள், 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போக்கிமான் கோவைத் திறப்பவர்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: எந்த எபிலிட்டியை வைத்துக்கொள்வது?

அதற்குத்தான் இந்தப் பக்கம். வேறு ஒன்றும் சொல்லாத இடங்களில் ஸ்கார்லெட், வயலட் (2022) விதிகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் எல்லாம் லெவல் 50க்கு. அதிகாரபூர்வப் போட்டிகள் அந்த லெவலில்தான் நடக்கின்றன.

எபிலிட்டி என்றால் என்ன? மூவ் இருக்கும்போது இது எதற்கு?

மூவ் நீங்கள் பட்டனை அழுத்தினால் நடப்பது. எபிலிட்டி தானாக நடப்பது. ஒரு போக்கிமானுக்கு மூவ் நான்கு, எபிலிட்டி ஒன்றே ஒன்று. 2002இல் ரூபி, சஃபையர் கேம்களில்தான் முதலில் வந்தது. இன்றைக்கு முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் பயப்படத் தேவையில்லை. ஒரு இனத்துக்குச் சாதாரண எபிலிட்டி ஒன்றோ இரண்டோ இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் ஹிடன் எபிலிட்டி ஒன்று. இந்த ஹிடன் வகை 2010இல் பிளாக், வைட் கேம்களோடு வந்தது. ஆகவே முந்நூறையும் பாடமாக்க வேண்டாம், மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கத் தெரிந்தால் சரி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணா, எது பெஸ்ட்?

நிபந்தனை இல்லாமல் வேலை செய்வது. ஒரு எபிலிட்டியின் விளக்கத்தை வாசிக்கும்போது அதில் 'என்றால்', 'போது' எத்தனை வருகிறது என்று பாருங்கள். 'ஹெச்பி (உயிர்ப் புள்ளி) குறைந்தால்', 'மணற்புயல் வீசும்போது', 'எதிராளி தொட்டு அடித்தால்' என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, அந்த எபிலிட்டி உங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

உதாரணத்துக்கு அசுமரிலைப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமாக உருண்டையான முயல். அடிப்படை அட்டாக் வெறும் 50. அட்டாக்குக்கு 252 ஈவியும் (பயிற்சிப் புள்ளி) ஆடமன்ட் நேச்சரும் (அட்டாக்கைக் கூட்டும் சுபாவம்) கொடுத்து முழுதாக வளர்த்தாலும் 112தான் வரும். ஹியூஜ் பவர் எபிலிட்டி அந்த 112ஐ அப்படியே இரட்டிப்பாக்குகிறது, 224. எல்லாரும் பார்த்தவுடனே பயப்படும் கார்ச்சோம்ப்பின் அடிப்படை அட்டாக் 130. அதை அதே முறையில் வளர்த்தால் 200. அதாவது இந்த முயல் அந்த டிராகனை விடப் பலமாக அடிக்கிறது. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, உள்ளே இறக்கினால் போதும். அதே அசுமரிலுக்குத் திக் ஃபேட் வந்திருந்தால் நெருப்பு, பனி அடிகள் பாதியாகும். நல்ல விஷயம்தான், ஆனால் 224ஐ விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.

இந்த வகையில் ரீஜெனரேட்டருக்கு என் மனதில் முதல் இடம். போக்கிமானை வெளியே எடுத்தாலே மொத்த ஹெச்பியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரும். முழுதாக வளர்த்த ஸ்லோப்ரோவின் ஹெச்பி 202, ஆக ஒவ்வொரு தடவையும் 67. எல்லாரும் கட்டிக்கொடுக்கும் லெஃப்ட்டோவர்ஸ் என்ற பொருள் ஒரு டேர்னுக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 12தான் தருகிறது. ஐந்து டேர்ன் நின்று வாங்குவதை விடவும் கூடுதலாக ஒரு தடவை வெளியே போய்வந்தால் வாங்கிவிடலாம். மாற்றுவது எப்படியும் நீங்கள் செய்யப்போகிற வேலைதானே.

அப்படியென்றால் நிபந்தனை உள்ளவை எல்லாம் வீணா?

இல்லை. நிபந்தனையை நிறைவேற்றுவது யார் கையில் என்பதுதான் கேள்வி. உங்கள் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை.

கிளிஸ்கோரின் ஹிடன் எபிலிட்டி பாய்சன் ஹீல். நஞ்சு ஏறியிருந்தால் டேர்னுக்கு எட்டில் ஒரு பங்கு ஹெச்பி கூடும். எதிராளி நஞ்சு ஏற்றும் வரை காத்திருந்தால் இது குப்பை. டாக்ஸிக் ஆர்ப் என்ற உருண்டையைக் கையில் கொடுத்தால் முதல் டேர்ன் முடிவில் கிளிஸ்கோர் தனக்குத்தானே நஞ்சு ஏற்றிக்கொள்ளும், அதற்குப் பிறகு தினமும் மருந்து. இன்னொரு லாபமும் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு நோய் பிடித்திருப்பதால் எரிகாயம், உறக்கம், வாதம் எதுவும் அதன் மேல் ஏறாது.

கட்ஸ் எபிலிட்டியும் அப்படித்தான். நோய் இருந்தால் அட்டாக் ஒன்றரை மடங்கு, எரிகாயத்தால் வரும் அட்டாக் குறைவும் இல்லை. கொன்கெல்டருக்கு ஃப்ளேம் ஆர்ப் கொடுப்பது அதனால்தான்.

டெக்னீஷியனுக்கு உருண்டையும் வேண்டாம். பவர் 60 அல்லது அதற்குக் கீழே உள்ள மூவ்களை அது ஒன்றரை மடங்காக்கும். சைஸரின் புல்லட் பஞ்ச் 40 பவர்தான். டெக்னீஷியனால் 60. சைஸரும் ஸ்டீல் டைப் என்பதால் இன்னுமொரு ஒன்றரை மடங்கு, 90. அதுவும் எதிராளிக்கு முந்திக்கொண்டு விழும் அடி. நிபந்தனை இங்கே மூவைத் தெரிந்தெடுக்கும்போதே நிறைவேறிவிட்டது.

கையில் இல்லாத வகைக்கு உதாரணம் ஸ்டார்ட்டர்களோடு வரும் ஓவர்க்ரோ, பிளேஸ், டொரென்ட். ஹெச்பி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் அவற்றின் டைப் மூவ்கள் ஒன்றரை மடங்காகும். கதையில் விளையாடும்போது சில நேரம் கைகொடுக்கும். ஆளோடு ஆள் மோதும்போது மூன்றில் ஒரு பங்கு ஹெச்பியோடு உங்களை அடுத்த டேர்ன் வரை யார் விட்டுவைக்கப் போகிறார்கள்?

கியாரடோஸுக்கு இன்டிமிடேட்டா, மோக்ஸியா? எங்கள் வகுப்பில் இதற்குச் சண்டையே நடக்கிறது.

சண்டை நியாயமானதுதான். இரண்டுமே நல்ல எபிலிட்டி, ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

இன்டிமிடேட் உள்ளே இறங்கிய உடனே எதிராளியின் அட்டாக்கை ஒரு படி குறைக்கும். ஒரு படி என்றால் மூன்றில் இரண்டு. 180 இருந்த அட்டாக் 120 ஆகிவிடும். இரட்டையர் சண்டையில் எதிரே நிற்கும் இரண்டு பேருக்கும் விழும். வெளியே எடுத்துத் திரும்ப இறக்கினால் இன்னொரு தடவை. கியாரடோஸ் அடி வாங்கி நிற்க வேண்டிய ஆள், மற்றவர்களுக்கு வழிவிட்டு உள்ளே வெளியே போய்வர வேண்டிய ஆள் என்றால் இதுதான்.

மோக்ஸி ஒவ்வொரு ஆளை விழுத்தும்போதும் அட்டாக்கை ஒரு படி கூட்டும். முதல் ஆள் விழுந்தால் ஒன்றரை மடங்கு, இரண்டாவது விழுந்தால் இரட்டிப்பு. டிராகன் டான்ஸும் போட்டிருந்தால் வேகமும் கூடியிருக்கும், பிறகு நிறுத்துவது கஷ்டம். ஆனால் அந்த முதல் ஆளை யாராவது விழுத்த வேண்டும். எதிரணியின் ஆறு பேரும் முழு ஹெச்பியோடு இருக்கும்போது மோக்ஸி கியாரடோஸை இறக்கினால் ஒரு மின்சார அடி, கதை முடிந்தது. தண்ணீரும் பறவையும் சேர்ந்த டைப் என்பதால் மின்சாரம் அதற்கு நான்கு மடங்கு.

ஆகவே என் தீர்ப்பு: இரட்டையர் விளையாட்டென்றால் யோசிக்காமல் இன்டிமிடேட். ஒருவருக்கொருவர் சண்டையில், மற்ற ஐந்து பேரும் எதிரணியை அடித்து ஓய்த்துவிட்டு, கடைசியில் துப்புரவு செய்ய கியாரடோஸை வைத்திருந்தால் மோக்ஸி. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் மோக்ஸியைத் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இன்டிமிடேட் இருக்கிறது என்பதற்காக கிங்கம்பிட்டுக்கு முன்னால் இறங்காதீர்கள். அதற்கு டிஃபையன்ட் இருந்தால், யாராவது அதன் பலத்தைக் குறைத்த உடனே அட்டாக் இரண்டு படி ஏறும். நீங்கள் ஒன்று குறைக்க, அது இரண்டு ஏற, கூட்டிக் கழித்தால் அதற்கு ஒரு படி லாபம். நீங்களாகவே பலமாக்கிவிட்டுப் பலமாக அடி வாங்குவீர்கள்.

ஹிடன் எபிலிட்டி என்றால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. கிடைப்பது அரிது என்பதால் விலை கூடியது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். சைஸரின் ஹிடன் எபிலிட்டி லைட் மெட்டல், எடையைப் பாதியாக்கும். எடை பார்த்து அடிக்கும் சில மூவ்களுக்கு எதிராகத் தவிர அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. டெக்னீஷியனை விட்டுவிட்டு அதை எடுப்பவர் யாரும் இல்லை. அசுமரிலின் ஹிடன் சாப் சிப்பர் புல் அடியை விழுங்கும், மோசமில்லை, ஆனால் ஹியூஜ் பவருக்குப் பக்கத்தில் நிற்காது.

மறுபக்கம் கார்ச்சோம்ப்பின் ஹிடன் ரஃப் ஸ்கின். தொட்டு அடிப்பவருக்கு எட்டில் ஒரு பங்கு ஹெச்பி போகும். சாதாரண சேண்ட் வெயில் மணற்புயல் வீசினால் மட்டும் அடி தவறும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இங்கே ஹிடன்தான். ஸ்லோப்ரோ, அமூங்கஸ் இரண்டுக்கும் ரீஜெனரேட்டர் ஹிடனாகத்தான் வரும். இன்சினரோருக்கு இன்டிமிடேட்டும் அப்படியே. பிளேஸ் உள்ள இன்சினரோரைப் போட்டிக்குக் கொண்டுபோவதில் அர்த்தமே இல்லை.

ட்ராகனைட்டுக்கு மல்ட்டிஸ்கேல்தானே? இன்னர் ஃபோகஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தேனே.

மல்ட்டிஸ்கேல், ஹெச்பி முழுதாக இருந்தால் விழும் அடியைப் பாதியாக்கும். இதிலும் நிபந்தனை இருக்கிறது, ஆனால் முதல் தடவை இறங்கும்போது அது தானாகவே நிறைவேறியிருக்கும். சிக்கல் ஸ்டெல்த் ராக். எதிராளி தரையில் கல் பரப்பியிருந்தால் ட்ராகனைட் காலடி வைத்த உடனே கால்வாசி ஹெச்பி போய்விடும், மல்ட்டிஸ்கேலும் அதோடு போச்சு. ஒருவருக்கொருவர் சண்டையில் ஹெவி டியூட்டி பூட்ஸ் மாட்டிவிட்டால் கல் குத்தாது.

இன்னர் ஃபோகஸ் முன்பு திடுக்கிடாமல் இருக்க மட்டும் உதவியது. கேம் வரிசையின் எட்டாம் தலைமுறையில் இருந்து இன்டிமிடேட்டையும் தடுக்கிறது. இரட்டையரில் இன்சினரோர் அடிக்கடி வருவதால், எக்ஸ்ட்ரீம் ஸ்பீடை நம்பி அடிக்கிற ட்ராகனைட்டுக்கு இன்னர் ஃபோகஸ் வைப்பதில் நியாயம் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் மல்ட்டிஸ்கேல்.

மழை அணி கட்டலாமா? பெலிப்பர் பிடித்துவிட்டேன்.

கட்டலாம், ஆனால் முழுதாகக் கட்ட வேண்டும். அரைகுறையாகக் கட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

பெலிப்பரின் ட்ரிஸில் அது இறங்கிய உடனே மழையைக் கொண்டுவரும். தண்ணீர் அடி ஒன்றரை மடங்கு, நெருப்பு அடி பாதி. ஸ்விஃப்ட் ஸ்விம் உள்ளவர்களின் வேகம் இரட்டிப்பு. மூன்றும் சேர்ந்தால் எதிராளி மூச்சு விட முடியாது. ஐந்தாம் தலைமுறையில் ட்ரிஸில் மழை ஓயாமல் பெய்ததால், ட்ரிஸிலும் ஸ்விஃப்ட் ஸ்விம்மும் ஒரே அணியில் இருக்கக்கூடாது என்று ஸ்மோகன் என்ற இணையக் குழுவின் ஆட்டக்காரர்கள் விதியே போட்டார்கள். ஆறாம் தலைமுறையில் இருந்து மழைக்கு ஐந்து டேர்ன் மட்டும். டேம்ப் ராக் கொடுத்தால் எட்டு.

ஐந்து டேர்ன் என்பது கேட்க நிறைய போல இருக்கும். பெலிப்பர் இறங்கும் டேர்ன் ஒன்று போனது. அதை வெளியே எடுத்து பாஸ்குலிஜியனையோ கிங்ட்ராவையோ உள்ளே கொண்டுவர இன்னொன்று. அடிக்க மிஞ்சுவது மூன்று. அந்த மூன்றில் எதிராளி ஒரு தடவை ப்ரொடெக்ட் (ஒரு டேர்ன் அடி படாமல் தடுக்கும் மூவ்) போட்டால் இரண்டு. அதனால்தான் டேம்ப் ராக்கைப் பெலிப்பரின் கையில் இருந்து எடுக்கவே கூடாது என்று நான் சொல்கிறேன். யூ-டர்ன் மூவும் கொடுத்தால் அடித்துக்கொண்டே வெளியேறலாம், இடம் மாற்றத் தனியாக ஒரு டேர்ன் போகாது. இரட்டையர் என்றால் கவலை குறைவு, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இறக்கிவிடலாம்.

அடுத்தது எதிராளியின் வானிலை. அவரிடம் வெயில் கொண்டுவரும் ட்ரவுட் எபிலிட்டியோடு டொர்கோல் இருந்து இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால், யார் மெதுவானவரோ அவருடைய வானிலைதான் நிலைக்கும். வேகமானவரின் மழை முதலில் வரும், பின்னால் வந்த வெயில் அதைத் துடைத்துவிடும். டொர்கோலின் அடிப்படை வேகம் 20, பெலிப்பர் 65. இந்தப் போட்டியில் பெலிப்பர் எப்போதும் தோற்கும். ஆகவே முதலிலேயே இறக்காமல், டொர்கோல் இறங்கி வெயிலைக் கொண்டுவந்த பிறகு இறக்குங்கள்.

மழை இல்லாதபோது ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டி, வெயில் நாளில் குடைக் கடை மாதிரி. அணியில் மழை கொண்டுவர ஒருவர், மழையில் ஓட இரண்டு பேர், மழை இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்க மூன்று பேர் என்று வைத்தால் சமாளிக்கலாம். ஆறு பேரையும் தண்ணீரில் இறக்கினால் ஒரு நல்ல புல் போக்கிமான் போதும் உங்களை வீட்டுக்கு அனுப்ப.

எதிராளியின் எபிலிட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது யாரும் அதிகம் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பாதிப் பதில் திரையிலேயே இருக்கிறது. இன்டிமிடேட், ப்ரெஷர், அன்னெர்வ், மோல்ட் பிரேக்கர், வானிலை எபிலிட்டிகள் எல்லாம் இறங்கும்போதே தங்களை அறிவிக்கும். மற்றவை வாயைத் திறக்காது. எது பேசவில்லை என்று கவனிப்பதுதான் வித்தை.

கோர்விநைட் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரக்கூடியவை ப்ரெஷர், அன்னெர்வ், ஹிடனாக மிரர் ஆர்மர். முதல் இரண்டும் அறிவிக்கும். திரையில் ஒன்றும் வரவில்லையா? மிரர் ஆர்மர். அதன் பலத்தைக் குறைக்க நீங்கள் எதைச் செய்தாலும் உங்கள் மேலேயே திரும்பும். இன்டிமிடேட் கியாரடோஸை அதன் முன் இறக்கினால் குறைவது கியாரடோஸின் அட்டாக்.

எக்ஸ்கட்ரில்லும் அப்படியே. மோல்ட் பிரேக்கர் என்றால் சொல்லிக்கொண்டு வரும். சொன்னால், லெவிட்டேட் இருக்கிறது என்று நம்பி மிதக்கும் வாஷ் ரோட்டமை அதற்கு எதிராக விடாதீர்கள். மோல்ட் பிரேக்கர் உங்கள் எபிலிட்டியையே கணக்கில் எடுக்காது, எர்த்குவேக் நேராக விழும். சொல்லாமல் வந்தால் பெரும்பாலும் சேண்ட் ரஷ். அணியில் டைரனிட்டாரோ ஹிப்பௌடனோ இருக்கிறதா என்று பாருங்கள், மணற்புயல் வந்தால் அதன் வேகம் இரட்டிப்பு.

க்ளெஃபேபிள் எதையும் அறிவிக்காது. லைஃப் ஆர்ப் (அடியைப் பலமாக்கி, அடிப்பவரின் ஹெச்பியைக் குறைக்கும் பொருள்) வைத்து அடித்தும் ஹெச்பி குறையவில்லை, நஞ்சு ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் மேஜிக் கார்ட். நீங்கள் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டு ஏற்றிய அட்டாக் எல்லாம் அதன் மேல் சாதாரண அடியாகவே விழுந்தால் அன்அவேர்.

நான் போனில் எமரால்டு விளையாடுகிறேன். இணையத்தில் வாசிப்பது ஒன்றும் ஒத்துவரவில்லையே?

வராது. எமரால்டு மூன்றாம் தலைமுறை. ஹிடன் எபிலிட்டி அப்போது இல்லை, ஆகவே மோக்ஸி கியாரடோஸ், மல்ட்டிஸ்கேல் ட்ராகனைட் எல்லாம் அங்கே தேட வேண்டாம். கெங்கருக்கு லெவிட்டேட் இருக்கிறது, எர்த்குவேக் படாது. ஏழாம் தலைமுறையில் அதைப் பறித்து கர்ஸ்டு பாடியைக் கொடுத்தார்கள், அதனால்தான் புதிய குறிப்புகளில் கெங்கரை நிலத்து அடியில் இருந்து காப்பாற்றச் சொல்கிறார்கள். எபிலிட்டியால் வரும் வானிலையும் எமரால்டில் தானாக ஓயாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று. நான்காம் தலைமுறைக்கு முன் ஒரு மூவ் அட்டாக்கால் அடிப்பதா, ஸ்பெஷல் அட்டாக்கால் அடிப்பதா என்பதை அதன் டைப்தான் தீர்மானித்தது. தண்ணீர் மூவ் எல்லாம் ஸ்பெஷல். கியாரடோஸின் அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. எனவே எமரால்டில் அதன் தண்ணீர் அடி ஏமாற்றமாகத்தான் இருக்கும். பேய் டைப் எல்லாம் சாதாரண அட்டாக், கெங்கரின் ஷேடோ பால் அங்கே பலவீனம்.

எமரால்டில் சண்டைக்கு வெளியேயும் எபிலிட்டிக்கு வேலை உண்டு. அணியில் முதலாவதாக சிங்க்ரனைஸ் உள்ள ஆள் நின்றால், காட்டில் வருவது அதே நேச்சரோடு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஃபயரி பாத் குகையில் பிடிக்கும் ஸ்லக்மாவுக்கு மேக்மா ஆர்மர், ஃப்ளேம் பாடி எது வந்தாலும் முட்டை பாதி நேரத்தில் பொரிக்கும். முட்டைக்காக ஸ்லக்மா ஒன்றை வைத்திருங்கள், சண்டைக்கு அனுப்ப வேண்டாம், பாவம்.

தவறான எபிலிட்டியோடு பிடித்துவிட்டேன். மாற்ற முடியுமா?

முடியும். எபிலிட்டி கேப்சூல் இரண்டு சாதாரண எபிலிட்டிகளுக்கு இடையே மாற்றும். ஸ்கார்லெட், வயலட்டில் சான்சி சப்ளை கடையில் 1,00,000. வாங்குவதற்கு முன் அந்த இனத்துக்கு இரண்டு சாதாரண எபிலிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கியாரடோஸுக்கு ஒன்றுதான், கேப்சூல் அதில் வேலை செய்யாது.

ஹிடனுக்கு மாற்ற எபிலிட்டி பேட்ச் வேண்டும். ஆறு நட்சத்திர டெரா ரெய்டுகளில் விழும், அடிக்கடி விழாது. ஸ்கார்லெட், வயலட்டில் ஹிடனில் இருந்து சாதாரணத்துக்குத் திரும்பவும் அதே பேட்ச் உதவும்.

பொறுமை இருந்தால் முட்டை வழி மலிவு. ஹிடன் எபிலிட்டி உள்ள பெண் போக்கிமானின் குட்டிக்கு அது வர 60 சதவீத வாய்ப்பு. டிட்டோவோடு சேர்த்தால் ஆணில் இருந்தும் வரும். வளர்ந்து உருமாறும்போது எபிலிட்டியின் பெயர் மாறினாலும் இடம் மாறாது. ராட்டில்டு உள்ள மேஜிகார்ப் மோக்ஸி கியாரடோஸாகும், மார்வெல் ஸ்கேல் உள்ள ட்ராட்டினி மல்ட்டிஸ்கேல் ட்ராகனைட்டாகும். குட்டியிலேயே பார்த்துவிட்டால் பேட்ச் மிச்சம்.

இன்னொரு வழி, கேட்டு வாங்குவது. இணையத்தில் பரிமாற ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா கட்ட வேண்டும். இரண்டு ஸ்விட்சும் பக்கத்தில் இருந்தால் லோக்கல் தொடர்பில் சந்தா இல்லாமலே மாற்றலாம். காலி வீதியில் ஏதாவது ஒரு கடையில் ப்ளேன்டீயும் இரண்டு ரோல்ஸும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.

போக்கிமான் கோவில் எபிலிட்டி எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. 2022இல் வந்த லெஜெண்ட்ஸ் ஆர்சியஸிலும் இல்லை. போக்கிமான் கோவில் நீங்கள் பார்க்க வேண்டியது மூவும் ஐவியும் (பிறப்பிலேயே வரும் புள்ளி) தான். கிரேட் லீக் என்ற போட்டிப் பிரிவில் 1500 சிபி (மொத்தப் பலத்தைக் காட்டும் எண்) என்ற எல்லை இருப்பதால், அட்டாக் ஐவி குறைவாகவும் மற்ற இரண்டும் கூடவும் இருப்பது பெரும்பாலும் லாபம். சிபி கணக்கில் அட்டாக்குக்குப் பாரம் அதிகம், அது குறைந்தால் அதே 1500க்குள் லெவலைக் கூட்டிக்கொள்ளலாம். எனவே 15/15/15 கிடைத்தது என்று கிரேட் லீக்குக்கு அனுப்ப ஓடாதீர்கள்.

வானிலை மட்டும் அங்கே உண்மையான வானிலை. மழை என்றால் தண்ணீர், மின்சாரம், பூச்சி டைப் அடிகள் கூடும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் ரெய்டுக்குப் போகிறவர்கள் ஒரு நல்ல மின்சார அணியைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லேக்கிங் பலமானதாமே? ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை?

எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் 670. மியூட்டூவே 680தான். ஆனால் ட்ரூவன்ட் எபிலிட்டியால் ஒரு டேர்ன் விட்டு ஒரு டேர்ன் சும்மா படுத்திருக்கும். அது படுக்கும் டேர்னில் எதிராளி ப்ரொடெக்ட் போடத் தேவையில்லை, அடிக்கும் டேர்னில் போட்டால் போதும். ரெஜிகிகாஸும் 670, அதற்கு ஸ்லோ ஸ்டார்ட்: ஐந்து டேர்னுக்கு அட்டாக்கும் வேகமும் பாதி.

இரட்டையரில் வழி இருக்கிறது. கலார் வீஸிங்கின் நியூட்ரலைஸிங் கேஸ் களத்தில் உள்ளவர்களின் எபிலிட்டியை எல்லாம் அணைத்துவிடும். பக்கத்தில் ஸ்லேக்கிங்கோ ரெஜிகிகாஸோ நின்றால் அதன் கட்டு அவிழ்ந்துவிடும். வீஸிங் விழும் வரைதான் இந்த ஆட்டம். எதிராளிக்கும் அது தெரியும், முதல் அடி வீஸிங்குக்குத்தான் வரும். நண்பர்களோடு விளையாட அருமையான கூத்து, போட்டிக்கு நம்ப வேண்டாம்.

நேச்சரை முதலில் பார்ப்பதா, எபிலிட்டியை முதலில் பார்ப்பதா?

எபிலிட்டி. அது போக்கிமானின் வேலையையே மாற்றும். நேச்சர் ஒன்றைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைப்பது மட்டும்தான். எட்டாம் தலைமுறையில் மின்ட் என்ற பொருள் வந்த பிறகு நேச்சரின் பலனை மாற்றுவதும் சுலபம்.

ஸ்விட்ச் வாங்க வசதி இல்லை. எங்கே பழகுவது?

போக்கிமான் ஷோடவுன். இலவசம், பிரவுசரில் ஓடும், டேட்டாவும் அதிகம் தின்னாது. ரேண்டம் பேட்டில் போட்டால் அணி கட்டும் வேலையே இல்லை. எதிராளியின் போக்கிமான் மேல் தொட்டால் அதற்கு வரக்கூடிய எபிலிட்டிகளைக் காட்டும், மேலே சொன்ன கோர்விநைட் வித்தையைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு ஆட்டத்துக்குள் ஸ்விட்ச் வாங்கின பெடியன் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடலாம்.

என் தங்கச்சி பிகாச்சுவை விடவே மாட்டேன் என்கிறாள். அதற்கு ஏதாவது வழி?

விடச் சொல்லாதீர்கள். சாதாரணமாக வரும் ஸ்டாட்டிக், தொட்டு அடிப்பவருக்கு 30 சதவீதம் வாதம் வரவழைக்கும். ஹிடன் லைட்னிங் ராட் அதைவிடச் சுவாரசியம். இரட்டையரில் பக்கத்தில் இருப்பவரைக் குறிவைத்து வரும் மின்சார அடியைப் பிகாச்சு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அடி படாது, ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி ஏறும். அதன் கையில் லைட் பால் கொடுத்தால் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டும் இரட்டிப்பு.

பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்: மின்சாரத்துக்கு நான்கு மடங்கு பயப்படும் கியாரடோஸ் அல்லது பெலிப்பர். 2014 உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் ஏறக்குறைய இந்த யோசனையோடுதான் வந்தார். பிகாச்சு அளவுக்கே குட்டியான பாச்சிரிசுவுக்கு வோல்ட் அப்சார்ப் எபிலிட்டியும் ஃபாலோ மீ மூவும் கொடுத்து, அடிகளைத் தன் பக்கம் இழுக்க வைத்தார். அணியில் கியாரடோஸும் இருந்தது. பட்டத்தையும் வென்றார்.

ஒரே ஒரு கவனம்: நிலத்து அடி வந்தால் பிகாச்சு ஒரே அடியில் போய்விடும். எதிரே எர்த்குவேக் போடக்கூடியவர் நின்றால் தங்கச்சியிடம் முதல் டேர்னில் எதிராளியைத் திடுக்கிட வைக்கும் ஃபேக் அவுட் போடச் சொல்லுங்கள், இரண்டாவது டேர்னில் ப்ரொடெக்ட். அந்த இரண்டு டேர்னுக்குள் கியாரடோஸ் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.